தஞ்சாவூர்ப் பளிங்கும் லண்டன் சிற்பியும்

(சிற்பம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மயிலாடியைச் சேர்ந்த கல்சிற்பி ஒருவர் பதில் சொல்கிறார்.)

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தில், படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பார்த்தேன். அதைச் செய்தவர் இங்கே வந்து தங்கிச் செய்தாரா? இவ்வளவு உயிரோடு இருக்கிறதே! – வாசகி, தக்கலை

வரவே இல்லை அம்மா. செய்தவர் ஜான் ஃபிளாக்ஸ்மன். லண்டனில் இருந்தே செய்து கொடுத்தார். 1798-ல் இறந்த அந்தப் பாதிரியார், சுவார்ட்ஸ் ஐயருக்காக அதைச் சொல்லிச் செய்வித்தவர், அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர்.

பார்க்காத ஊர், பார்க்காத மன்னர். அப்புறம் எப்படி உயிர் வந்தது? ஃபிளாக்ஸ்மனின் கை பழகிய விதத்தில் இருக்கிறது பதில். 1755-ல் பிறந்தவர். அப்பாவுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தில் சிலை வார்க்கும் தொழில். பையனுக்குச் சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அப்பாவின் கடையிலேயே உட்கார்ந்து படிப்பதும் வரைவதுமாக வளர்ந்தார். 1775 முதல் வெட்ஜ்வுட் பீங்கான் ஆலைக்கு மெழுகில் மாதிரி செய்து கொடுத்தார். நீலப் பரப்பில் வெள்ளை உருவங்கள் மெல்ல எழும்பி நிற்கும் பாத்திரங்கள் அவை. அந்தக் கொஞ்ச கனத்துக்குள் தோள் முன்னால், முதுகு பின்னால் என்று காட்டியாக வேண்டும். கருங்கல்லில் புடைப்புச் சிற்பம் அடித்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 1787-ல் ரோமுக்குப் போய் ஏழு வருடம் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களோடு கிடந்தார். அந்தப் பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவந்தவர்களை நவசெவ்வியல் சிற்பிகள் என்பார்கள். அவர்களில் இத்தாலியரான கானோவா பளிங்கைத் தோல் போலவே மெருகேற்றுவார். ஃபிளாக்ஸ்மனுக்குக் கோடுதான் பலம். தஞ்சாவூரில் மன்னரின் கையையும் படுக்கையில் இருப்பவரின் கையையும் சேர்க்கும் அந்தக் கோட்டைப் பாருங்கள், மற்ற எல்லா உருவங்களும் அங்கேதான் நம் கண்ணைக் கொண்டுவந்து விடுகின்றன. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அவர் செய்த, கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவுச் சிலை பெரியது, பேர் பெற்றது. எனக்குத் தஞ்சாவூர்ச் சிற்பம்தான் ஒரு படி மேல்.

ஃபிளாக்ஸ்மன் களிமண்ணில் மாதிரி செய்துவிட்டு, பளிங்கை உதவியாளர்களை வைத்து வெட்டினாராமே. அப்படியானால் அவரைச் சிற்பி என்று சொல்லலாமா? – வாசகர், குளச்சல்

தாராளமாகச் சொல்லலாம். அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டறை முறையே அதுதான். களிமண் உருவத்திலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தில் வார்ப்பு எடுப்பார்கள். அதன் மேல் புள்ளி புள்ளியாக அளந்து, அதே ஆழத்துக்குப் பளிங்கில் இறங்குவார்கள். அவருடைய சாந்து மாதிரிகள் பலவும் இன்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன. நம் பக்கத்திலும் ஸ்தபதி காவியில் கோடு போட்டுக் கொடுக்க, வேறு கைகள் கல்லை உடைத்து இறக்குவது உண்டு. கோடு தப்பினால் எந்த உளியும் காப்பாற்றாது. 1810-ல் லண்டனின் கலைக் கழகமான ராயல் அகாடமி சிற்பத்துக்கு முதல் பேராசிரியராக அவரைத்தான் வைத்தது.

என் மகன் நன்றாக வரைகிறான். கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களுக்கு ஃபிளாக்ஸ்மன் வரைந்த படங்களைப் பார்த்து வரையச் சொல்லலாமா? – வாசகி, ஆரல்வாய்மொழி

சொல்லுங்கள். 1793-ல் வெளிவந்த அந்தப் படங்களில் நிழலே கிடையாது, வெறும் கோடுதான். அதனால் தப்பை மறைக்க இடமே இல்லை. கூடவே திருவட்டாறு கோயில் பிரகாரத்துக்குக் கூட்டிப் போய், தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளையும் அதே மாதிரி நிழல் போடாமல் வரையச் சொல்லுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். உளியை அப்புறம் கொடுக்கலாம்.