பூனை காப்பகத்துடையது, குட்டி யாருடையது?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) வாடகைக்கு இருக்கிறோம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து சினைப் பூனை ஒன்றைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழைத்து வந்தோம். ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் மூன்று குட்டி போட்டது. ஒரு நாள் நள்ளிரவில் ஒரு குட்டிக்கு மூச்சுத் திணறல். காப்பகத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன், பதில் இல்லை. 24 மணி நேர கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பில் 860 வெள்ளி (ரிங்கிட்). தாங்கள் குறித்துக் கொடுத்த பேனல் கிளினிக்குக்குத்தான் போயிருக்க வேண்டும், படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று காப்பகம் பணம் தர மறுக்கிறது. தாய்ப் பூனைக்கு ஏற்கெனவே சளிக்காய்ச்சல் இருந்ததாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் சொந்தப் பூனைக்கும் தொற்றிவிட்டது. இப்போது தாயையும் குட்டிகளையும் திருப்பிக் கேட்கிறார்கள். "உன் வீட்டில் பிறந்தது உனக்குத்தான், காசு வரும்வரை கொடுக்காதே" என்கிறார் என் அண்ணி. இதற்கிடையில் கொண்டோ நிர்வாகம், மூன்று நாளில் விலங்குகளை அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் 200 வெள்ளி அபராதம் என்று கடிதம் கொடுத்திருக்கிறது. அடுத்து ஒரு நாயையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று காப்பகத்தில் கேட்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று நாள் கடிதத்தைக் கையில் எடுங்கள். மற்ற விஷயங்கள் பொறுக்கும், அது பொறுக்காது.

மூன்று நாள் என்பது நிர்வாகம் தன் இஷ்டத்துக்குப் போட்ட கெடு இல்லை. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில், எல்லாக் குடியிருப்புகளுக்கும் பொதுவான துணை விதிகள் இருக்கின்றன. அதில் 14ஆவது விதி விலங்குகளைப் பற்றியது. எழுத்து மூலம் அறிவிப்பு வந்து மூன்று நாளில் விலங்கை அகற்றாவிட்டால் நிர்வாகமே நடவடிக்கை எடுத்து அகற்றலாம், அந்தச் செலவையும் வீட்டின் கணக்கில் ஏற்றலாம். வாடகைக்கு இருப்பவரையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும். ஆகவே கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

ஆனால் அதே விதியை முழுதாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். "விலங்கே கூடாது" என்று அது சொல்லவில்லை. மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொந்தரவு தரக்கூடிய விலங்கு, அவர்களுடைய பாதுகாப்புக்கோ ஆரோக்கியத்துக்கோ ஆபத்தான விலங்கு, சட்டத்தை மீறி வைத்திருக்கும் விலங்கு, இவற்றைத்தான் தடுக்கிறது. அறைக்குள்ளேயே இருக்கும் இரண்டு பூனையும் மூன்று குட்டியும் யாருக்கு என்ன தொந்தரவு? நாற்றமா, நடைபாதையில் சுற்றியதா, பூனை கழிக்கும் மண்ணைக் குப்பைக் குழாயில் கொட்டினீர்களா? புகார் என்ன என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. (கடைசியாகச் சொன்னதை உண்மையிலேயே செய்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். நான் பார்த்த பூனைத் தகராறுகளில் பாதி மண்ணில்தான் ஆரம்பித்தது.)

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பொது விதிகளுக்கு மேல், செல்லப் பிராணிகள் குறித்துத் தனியாகக் கூடுதல் துணை விதி போட்டுக்கொள்ளச் சட்டம் நிர்வாகத்துக்கு இடம் கொடுக்கிறது. அதை மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதமும் போடலாம். ஆனால் அதற்குப் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது 21 நாள் முன்னறிவிப்பு, செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு. நிறையக் கொண்டோக்களில் லிஃப்டில் ஒட்டியிருக்கும் "வீட்டு விதிகள்" இப்படி வாக்கெடுப்பைக் கண்டதே இல்லை. மேலாளர் ஒருவர் கணினியில் தட்டி ஒட்டியதோடு சரி. எனவே உங்கள் பதில் கடிதத்தில் இரண்டே கேள்வி போதும். எந்த விதியின் கீழ் இந்த அறிவிப்பு? கூடுதல் விதி என்றால் அந்தத் தீர்மானத்தின் நகல் எங்கே? இப்படிப்பட்ட விதியை டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகராட்சியில்) இருக்கும் கட்டட ஆணையரிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

தீர்மானம் முறையாக இருந்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். 2020இல் மோன் கியாரா குடியிருப்பு ஒன்றின் வழக்கில், குறுகியகால வாடகையைத் தடுத்த கூடுதல் விதி செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கூடுதல் விதி பொது விதிக்கு முரணாக இருக்கக் கூடாது என்பதால், தொந்தரவே தராத பூனைக்கும் சேர்த்து முழுத் தடை போட்டால் அது நிற்குமா என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வைக்க வீட்டு உரிமையாளர்தான் பொருத்தமான ஆள். அவர் உங்களுக்காக வருவாரா? வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "செல்லப் பிராணி கூடாது" என்று அதில் ஒரு வரி இருந்தால், நிர்வாகத்தை நீங்கள் வென்றாலும் வீட்டுக்காரரிடம் தோற்றீர்கள்.

சரி, இனி குட்டிகள்.

உங்கள் அண்ணி சொல்வது பாசமான பேச்சு, ஆனால் சட்டம் இல்லை. நீங்கள் தத்தெடுக்கவில்லை, பார்த்துக்கொள்ள வாங்கினீர்கள். ஒருவர் தன் பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 101ஆவது பிரிவிலிருந்து விவரிக்கிறது. தமிழில் ஒப்படைப்பு என்று சொல்லலாம். நம் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழியில் வந்தது, அதனால் உதாரணங்களில் பசுவும் குதிரையும் உலவுகின்றன. உங்கள் வழக்குக்கென்றே எழுதியது போல ஒன்று 116ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவர் தன் பசுவை இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார். பசு கன்று போடுகிறது. பசுவோடு கன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். பசுவின் இடத்தில் பூனையை வைத்துப் பாருங்கள். பிரசவம் பார்த்தது நீங்கள், தூக்கம் கெட்டது உங்களுக்கு, ஆனாலும் மூன்று குட்டியும் காப்பகத்துடையவை. ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை என்றால் தத்தெடுப்புப் படிவம் கேளுங்கள். நான்கு மாதம் வளர்த்த உங்களைவிட நல்ல வீடு அவர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது? ஆனால் மேலே சொன்ன வாடகை விவகாரம் தீர்ந்த பிறகு கேளுங்கள்.

பணம் வரும்வரை கொடுக்காமல் வைத்திருப்பதும் கூடாது. பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை, அதன் மேல் கூலிக்கு வேலை செய்து கொடுத்தவருக்கு உண்டு, கடிகாரம் பழுது பார்ப்பவரைப் போல. சும்மா பார்த்துக்கொண்ட தன்னார்வலருக்கு அது கிடையாது. பில் ஒரு கணக்கு, குட்டி வேறு கணக்கு.

அந்தப் பில்லில்தான் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. அதே சட்டத்தின் 111ஆவது பிரிவு, ஊதியம் இல்லாமல் பொருளைப் பாதுகாப்பவர் செய்த அவசியமான செலவை ஒப்படைத்தவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தீனிச் செலவு உங்களுடையது என்று படிவம் சொன்னால் அது உங்களுடையதுதான். பேனல் கிளினிக் நிபந்தனையையும் அவர்கள் காட்டுவார்கள். நள்ளிரவில் அந்த பேனல் கிளினிக் திறந்திருந்ததா? நீங்கள் அனுப்பிய செய்திக்கு எத்தனை மணிக்குப் பதில் வந்தது? அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள், மருத்துவரிடம் குட்டி வந்த நேரத்தையும் நிலையையும் எழுதி வாங்குங்கள். மூச்சுத் திணறும் குட்டியைக் காலைவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் விலங்குநலச் சட்டத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கலாம். 2017 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் அந்தச் சட்டம், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் சேர்த்தே பார்க்கிறது. கொடுமை என்று நிரூபணமானால் அபராதமே 20,000 ரிங்கிட்டில்தான் ஆரம்பிக்கிறது. பூனை உங்களுடையது இல்லை, பொறுப்பு உங்களுடையது. நிர்வாகத்துக்குப் பயந்து குட்டிகளைப் பசார் (சந்தை) பக்கம் விட்டுவிட்டு வரும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சளிக்காய்ச்சலை மறைத்த விஷயத்துக்கு 103ஆவது பிரிவு. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, வாங்கியவர் விழுந்து அடிபட்டால் கொடுத்தவர்தான் பொறுப்பு என்பது அங்கே வரும் உதாரணம். காப்பகத்துக்கு நோய் முன்பே தெரியும் என்று காட்ட முடிந்தால், உங்கள் பூனையின் வைத்தியச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். "இருந்ததாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது, எப்போது? அந்த "ஆம்" நீதிமன்றத்தில் நிற்காது.

5,000 ரிங்கிட்டுக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198ஆம் படிவத்தை நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். என் அபிப்பிராயம் கேட்டால், அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன். நன்கொடையில் ஓடும் இடங்கள் அவை. ரசீதுகளோடு ஒரு கடிதம் எழுதி 14 நாள் கொடுங்கள், பாதியாவது தாருங்கள் என்று பேசிப் பாருங்கள். மொத்தமாகக் கையை விரித்தால் அப்புறம் படிவம் இருக்கவே இருக்கிறது.

நாய் விஷயம். கோலாலம்பூரில் நாய்க்கு டிபிகேஎல் உரிமம் வேண்டும், அது யார் பெயரில் என்பதை முதலில் கேளுங்கள். அது யாரையாவது கடித்து, உங்கள் கவனக்குறைவு என்று ஆனால் குற்றவியல் சட்டம் 289ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். குரைப்பைத் "தொந்தரவு" இல்லை என்று 14ஆவது விதியில் வாதாட நானும் வர மாட்டேன். வாடகை வீடு, கையில் ஏற்கெனவே ஓர் அறிவிப்பு. இந்த முறை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.