பூமி ஏன் விலகிப் போகிறது? – வாசகர் கேள்விகள்

கே: சூரியனையும் பூமியையும் மட்டும் வைத்துப் பைதானில் நிரல் எழுதினேன். சுற்றச் சுற்ற பூமி வெளியே விலகிக்கொண்டே போகிறது. ஈர்ப்பு விசைச் சூத்திரத்தைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

ப: சூத்திரம் சரியாகத்தான் இருக்கும். புதிய இடம், புதிய திசைவேகம் இரண்டையும் பழைய மதிப்புகளிலிருந்தே கணக்கிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஆய்லர் முறை. ஓர் அடி, அதாவது ஒரு தடவை கணக்கிடும்போது நகரும் காலம், ஒரு நாள் என்றால், அந்த நாள் முழுக்கப் பூமி வளையாமல் தொடுகோட்டிலேயே ஓடி, பாதைக்குச் சுமார் 22,000 கி.மீ. வெளியே போய் நிற்கும். பிழை எப்போதும் வெளிப்பக்கமே விழுவதால் சேர்ந்துகொண்டே போகிறது.

முதலில் திசைவேகத்தை மாற்றுங்கள். அந்தப் புதிய திசைவேகத்தால் இடத்தை நகர்த்துங்கள். அவ்வளவுதான், பாதை மூடிக்கொள்ளும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் லீப்ஃபிராக், அதாவது தவளைத் தாவல் முறை: அரை அடிக்குத் திசைவேகம், முழு அடிக்கு இடம், புதிய இடத்தின் முடுக்கத்தால் மறுபடி அரை அடிக்குத் திசைவேகம். (நம் இலக்கணத்தின் ‘தவளைப் பாய்த்து’ எனக்கு நினைவுக்கு வரும்.)

அப்புறம், படம் அழகாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மொத்த ஆற்றலை அவ்வப்போது அச்சிட்டுப் பாருங்கள். ஓர் அளவைச் சுற்றிச் சற்றே ஏறி இறங்கினால் சரி. ஒரே பக்கமாகப் போனால் கோளாறு இருக்கிறது.

கே: கிலோகிராம், மீட்டரில் எண்கள் மிகப் பெரிதாகின்றன.

ப: தூரத்துக்கு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்), காலத்துக்கு ஆண்டு, நிறைக்குச் சூரியன். ஈர்ப்பு மாறிலி 39.478, பூமியின் வேகம் ஏறத்தாழ 6.283.

கே: வியாழனைச் சேர்த்ததும் மொத்தக் குடும்பமும் மெல்ல நகர்கிறது.

ப: சூரியனை அசையாமல் தொடங்கியிருப்பீர்கள். வியாழன் அதன் நிறையில் 1,047-இல் ஒரு பங்குதான். ஆனாலும் சூரியனுக்கு எதிர்த்திசையில் வினாடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகம் தர வேண்டும். தராவிட்டால் 100 ஆண்டில் ஏறத்தாழ 4 கோடி கி.மீ. நகர்ந்துவிடும். மொத்த உந்தம் (நிறை × திசைவேகம்) பூஜ்யமாகத் தொடங்குங்கள்.

கே: மூன்று சம நட்சத்திரங்களில் ஒன்று திடீரென வெளியே பறக்கிறது. பிழையா?

ப: கால அடியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கும்போது அடி பெரிதாக இருந்தால் இல்லாத ஆற்றல் நுழைந்துவிடும். அடியைக் குறைத்தும் ஆற்றல் மாறாமல், நட்சத்திரம் பறந்தால் அது நிஜம். மூன்று பொருள்கள் இருந்தால் ஒன்று வீசப்படுவது வழக்கமே. நிரலைச் சோதிக்க, மூன்று சம நிறைகள் ஒன்றையொன்று துரத்தி ஓடும் ‘8’ வடிவப் பாதை இருக்கிறது: மூர் 1993-இல் கணினியில் கண்டது, 2000-இல் கணிதவியலாளர்கள் ஷான்சினேரும் மாண்ட்கோமரியும் நிறுவியது. அந்த எட்டு கலையாமல் ஓடிய பிறகு உங்கள் நட்சத்திரங்களுக்குத் திரும்புங்கள்.