கேள்வி–பதில்: கட்டற்ற மென்பொருளும் கொஞ்சம் சட்டமும்

திறமூல மென்பொருளை (மூல நிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவம், எல்லோருக்கும் கிடைப்பதை) வீட்டில் பயன்படுத்தினால் பரவாயில்லை, தொழிலுக்குப் பயன்படுத்தினால் வழக்கு வரும் என்கிறார்களே?

வராது. 1998-ல் வகுக்கப்பட்ட திறமூல வரையறையிலேயே, எந்தத் துறைக்கும் எந்த வேலைக்கும் தடை போடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. லாபத்துக்காக நடத்தும் தொழிலும் அதில் அடங்கும். லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை ஆயிரம் கணினிகளில் நிறுவுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம்.

இந்தப் பயம் கிளம்பிய இடம் வேறு. காசு வாங்காமல் தரப்படும் மூடிய மென்பொருள்கள் ஏராளம் உண்டு. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற ஒரு வரி அவற்றின் ஒப்பந்தத்தில் நடுவே கிடக்கும். அவற்றை அலுவலகத்தில் நிறுவினால் அது உரிம மீறல்தான். இரண்டையும் பிரித்தறிவது எளிது. உதவி மெனுவில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து பாருங்கள். ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி, பிஎஸ்டி, மொசில்லா ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று அந்த மென்பொருளின் உரிமமாகக் குறிக்கப்பட்டிருந்தால் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை. இவற்றில் எதுவும் இல்லாமல் ‘இலவசம்’ என்று மட்டும் இருந்தால் முழு ஒப்பந்தத்தையும் படித்த பிறகே நிறுவுங்கள்.

கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) ஒருவர் போட்டிருக்கும் நிரல் எனக்கு அப்படியே பொருந்துகிறது. உரிமம் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிடவில்லை என்றால் பொதுச்சொத்துதானே?

நேர் எதிர். உரிமம் இல்லாத நிரல்தான் இருப்பதிலேயே கட்டுப்பாடு மிகுந்தது. 1886-ல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிப்புரிமைக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அந்த வட்டமிட்ட குறியும் போட வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் எழுத்தில் அனுமதி தரும்வரை உங்களுக்கு நகலெடுக்கும் உரிமை இல்லை. கிட்ஹப்பின் விதிமுறைகள், பொதுவில் வைத்த நிரலைப் பார்க்கவும் அந்தத் தளத்துக்குள் ‘ஃபோர்க்’ செய்யவும்தான் (தனி நகல் எடுத்துக்கொள்ளவும்தான்) இடம் தருகின்றன. அதை உங்கள் பொருளில் சேர்ப்பது அதற்குள் வராது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தத் திட்டத்தின் ‘இஷ்யூ’ பகுதியில் மரியாதையாகக் கேளுங்கள்: “இதைப் பயன்படுத்த விரும்புகிறேன், உரிமக் கோப்பு ஒன்றைச் சேர்ப்பீர்களா?” பெரும்பாலானோர் மறந்துபோய்த்தான் விட்டிருப்பார்கள், கேட்டால் சேர்த்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் அந்த வேலையைச் செய்யும் வேறு நிரலைத் தேடுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் நகல்தான்.

எங்கள் சிறு நிறுவனம் லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பிஸிபாக்ஸும் (சிறு கட்டளைக் கருவிகளின் தொகுப்பு) உள்ள ஒரு சாதனத்தை விற்கப் போகிறது. நாங்கள் எழுதிய எல்லாவற்றையும் வெளியிட வேண்டுமா? வெளியிடாவிட்டால் உண்மையில் என்ன ஆகும்?

எல்லாவற்றையும் அல்ல. ஆனால் ஜிபிஎல்லின் கீழ் வரும் பகுதிகளின் மூல நிரலை முழுமையாகத் தந்தாக வேண்டும். கெர்னல், பிஸிபாக்ஸ், அவற்றில் நீங்கள் செய்த மாற்றங்கள், அவற்றைத் தொகுக்கப் பயன்படும் ஸ்கிரிப்டுகள், கெர்னலின் அமைவுக் கோப்பு எல்லாம் அதில் அடங்கும். கெர்னலின் மேல் தனி நிரலாக ஓடும் உங்கள் சொந்தச் செயலியைத் தர வேண்டியதில்லை. கெர்னலுக்குள் ஏற்றும் மாட்யூல்கள் எழுதியிருந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அங்கே எல்லைக்கோடு தெளிவாக இல்லை.

கெர்னல், பிஸிபாக்ஸ் இரண்டும் 1991-ல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகின்றன. அதன்படி மூல நிரலைச் சாதனத்தோடேயே தரலாம். அல்லது, கேட்கும் எவருக்கும் தருவோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியைப் பெட்டிக்குள் வைக்கலாம். அந்த உறுதி குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும். ‘கேட்கும் எவருக்கும்’ என்பதைக் கவனியுங்கள். சாதனத்தை வாங்காதவர் கேட்டாலும் தர வேண்டும். நகலெடுத்து அனுப்பும் செலவை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. என் யோசனை, பெட்டியோடு தருவதுதான். மூன்றாண்டுக்குப் பிறகு அந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருந்தது என்று தேடும் தலைவலி மிச்சம்.

நடைமுறையில் நிறுவனங்கள் சறுக்குவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. சில்லு விற்ற நிறுவனம் தொகுத்த கோப்புகளை மட்டும் கொடுத்திருக்கும், மூல நிரலை இவர்கள் கேட்டே இருக்க மாட்டார்கள். பொருள் கைக்கு வருமுன், கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அதைக் கேளுங்கள். பணம் கொடுத்தபின் கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும். அடுத்த சறுக்கல்: சாதனத்தில் ஒரு பதிப்பு ஓடும், இணையத்தில் அதற்கு முந்தைய பதிப்பின் மூல நிரல் கிடக்கும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மூல நிரல், தொகுப்பான், ஸ்கிரிப்டுகள் மூன்றையும் ஒரே குறிச்சொல்லின் கீழ் பூட்டி வையுங்கள். பிறகு எதுவும் நிறுவாத புதுக் கணினி ஒன்றில், இந்த வேலையில் ஈடுபடாத ஒருவரை உட்கார வைத்து, அந்தத் தொகுப்பிலிருந்து ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளை) உருவாக்கச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் வெளியிலிருந்து கேட்பவராலும் முடியாது. இதோடு, எம்ஐடி, பிஎஸ்டி உரிமமுள்ள நூலகங்களின் பதிப்புரிமை அறிவிப்புகளையும் கையேட்டிலோ திரையிலோ சேர்க்க வேண்டும். அந்த உரிமங்கள் கேட்பதே அநேகமாக அது ஒன்றைத்தான். அதையும் விட்டுவிடுவது நியாயமே இல்லை.

மீறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் பதிப்பில் மீறிய உடனே உரிமம் தானாக ரத்தாகும். அதன்பின் விற்கும் ஒவ்வொரு சாதனமும் பதிப்புரிமை மீறல். 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் முறை தவறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் மீண்டுவிடும். 2017-ல் கெர்னல் நிரலாளர்கள் பலர் இதே சலுகையைத் தங்கள் பங்களிப்புக்கும் தருவதாக அறிவித்தார்கள். நீதிமன்றம் இதையெல்லாம் கண்டுகொள்ளாது என்று நினைக்காதீர்கள். கெர்னல் நிரலாளர் ஹரால்ட் வெல்ட்டே தொடுத்த வழக்கில், 2004-ல் மியூனிக் நீதிமன்றம் ஒரு ரவுட்டர் நிறுவனத்துக்கு எதிரான தடையை உறுதி செய்தது. 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும், மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருள் தொடர்பான வழக்கில், இந்த உரிமங்களின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று தீர்ப்பளித்தது.

ஜிபிஎல் நிரலை மாற்றி எங்கள் சர்வரில் மட்டும் ஓடவிட்டால்?

தர வேண்டியதில்லை, நகல் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் உரிமத்தின் பெயர் ஏஜிபிஎல் என்றிருந்தால் கதை வேறு. மாற்றிய நிரலை வலை வழியே பயன்படுத்துகிறவர்களுக்கும் மூல நிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். முதலில் இருக்கும் அந்த ஓர் எழுத்தைப் பார்க்கத் தவறாதீர்கள்.

ஜிபிஎல் மென்பொருளை நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் வருகிறது. அழுத்தினால் எதற்காவது கட்டுப்படுகிறோமா?

வெறுமனே பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பொத்தானே தேவையில்லை. நிரலைப் பெறவோ இயக்கவோ உரிமத்தை ஏற்க வேண்டியதில்லை என்று ஜிபிஎல் மூன்றாம் பதிப்பே சொல்கிறது. மாற்றும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும்தான் உரிமத்தை ஏற்றதாக ஆகிறது.

மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்தால் திருடனுக்கும் வசதிதானே? எப்படிப் பாதுகாப்பு என்கிறீர்கள்?

திறந்திருப்பதால் மட்டுமே பாதுகாப்பு வந்துவிடாது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012-ல் நுழைந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை 2014 வரை கண்ணில் படவில்லை. யாரும் பார்க்கலாம் என்பதும் யாரோ ஒருவர் உண்மையில் பார்த்தார் என்பதும் வேறு வேறு.

2024-ல் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. நெடுநாள் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒரு பங்களிப்பாளர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். அதை இயக்கிவிடும் துண்டு, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழியே தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் அது வெளிப்பட்டது. மூல நிரல் கையில் இருந்ததால்தான் அவரால் அடிவரை போக முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த அரை விநாடியை ‘கொஞ்சம் மெதுவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லியிருக்க முடியும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது: மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ உங்கள் இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது), தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்த எண் பொருந்தினால் கோப்பு சிதையவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். தளமே களவு போயிருந்தால் திருடன் எண்ணையும் மாற்றிவிடலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்க வேண்டிய கோப்பின் இணைப்பையே பின்கதவு உள்ள கோப்புக்குத் திருப்பினார்கள். அதனால் ஜிபிஜி கையொப்பத்தையும் (கோப்பை வெளியிட்டவர் இடும் மின் கையொப்பம்) சரிபார்க்கப் பழகுங்கள். அதற்கான சாவியை வேறோர் இடத்திலிருந்து பெறுங்கள்.

விண்டோஸ் 10 கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போடலாமா?

தாராளமாக. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நல்ல கணினியைத் தூக்கிப் போட அது காரணமாகாது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் ஓடும், 8 ஜிபி என்றால் சுகமாக ஓடும்.

முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் அமைப்பை (கணினி துவங்கும்போது வரும் அடிப்படை அமைப்பை) தொட்டவுடன் விண்டோஸ் அதைக் கேட்கலாம். அதன்பின் 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பை) ரூஃபஸ் போன்ற கருவியால் எழுதுங்கள். கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் கணினி அதிலிருந்து துவங்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தூங்கி எழுவது எல்லாவற்றையும் சோதியுங்கள். வைஃபை வராவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி இணையம் எடுத்து டிரைவரை நிறுவலாம். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதானால் அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், வட்டில் அதற்குள்ள பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும்.

லிப்ரே ஆபீஸில் செய்த கடிதம் வேர்டில் திறந்தால் பக்கம் கலைந்துபோகிறது.

குற்றவாளி பெரும்பாலும் எழுத்துருதான். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா நிறுவுங்கள். எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் வரி உடையும் இடம் மாறாது. பிறர் திருத்த வேண்டியதில்லை என்றால் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே அனுப்பாதீர்கள். எதிரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

நானே ஒரு செயலி எழுதினேன். எந்த உரிமம் கொடுக்கலாம்? ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று ஒரு வரி சேர்க்க ஆசை.

அந்த வரியைச் சேர்த்தால் அது திறமூலம் இல்லை. லினக்ஸ் வழங்கல்கள் (மின்ட் போன்றவை) பலவற்றின் முதன்மைக் களஞ்சியம் அதை ஏற்காது. சொந்தமாக உரிமம் எழுதவும் முயலாதீர்கள். நீதிமன்றங்கள் பார்த்துவிட்ட, வழக்கறிஞர்கள் அறிந்த உரிமங்கள் இருக்கும்போது புதிது எதற்கு? உங்கள் நிரலை மேம்படுத்தி வெளியிடுகிறவர்கள் அந்த மேம்பாட்டையும் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளட்டும் என்றால் எம்ஐடி. நிறுவனங்களும் பங்களிப்பார்கள், பேட்டன்ட் தகராறு பின்னால் வரக் கூடாது என்றால் அப்பாச்சி 2.0. உங்களுக்குள்ள எரிச்சல் ‘என் உழைப்பில் ஒருவர் மூடிய பொருள் செய்து விற்பாரோ’ என்பதாக இருந்தால், அதற்கு மருந்து ஜிபிஎல் என்பதே என் கருத்து.

முடிவை முதல் நாளே எடுங்கள். பிறர் அனுப்பிய திருத்தங்களைச் சேர்த்தபின் அவற்றின் பதிப்புரிமை அவர்களுடையது. அவர்கள் சம்மதிக்காமல் உரிமத்தை மாற்ற முடியாது. வீடியோ இயக்கும் விஎல்சி திட்டத்தார் தங்கள் நூலகப் பகுதிகளை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது 200-க்கும் மேற்பட்ட நிரலாளர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது.