நூலகத்தில் படம் பார்க்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கல்லூரி நூலகத்தின் ஊடகப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஆவணப்படங்களே கதியென்று கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உடன் படிக்கும் பிள்ளைகள் குரூப் 4 பயிற்சி மையத்துக்கு ஓடும்போது இவள் படம் பார்க்கிறாளே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தகப்பனுக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனாலும் அவளைத் தடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பார்க்கும் முறையை மட்டும் அவள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியில் அடுத்தடுத்து ஓடும் காணொளிகளும் நூலகத்தில் இருக்கும் ஆவணப்படங்களும் ஒன்றல்ல. நூலகத்துக்குப் படம் வாங்குவது பெரும்பாலும் துறை ஆசிரியர்களின் பரிந்துரையின் பேரில்தான். பாடத்துக்கு உதவும் என்று யாரோ ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தவை அவை. நம் நாட்டில் இதற்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே மையங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அப்படிப்பட்ட மையங்கள் உண்டு.

ஒரு வேறுபாட்டை அவளுக்குச் சொல்லுங்கள். 2003இல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்கள், 2017இல் வந்த ஸ்வயம் பிரபா கல்வித் தொலைக்காட்சி ஆகியவற்றில் இருப்பவை வகுப்புப் பாடங்கள். பேராசிரியர் விளக்குவார், மாணவர் கேட்பார். ஸ்வயம் என்ற அரசின் இணையக் கல்வித் தளத்தில் பாடம் முடித்துத் தேர்வெழுதினால், பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் கிரெடிட் கிடைக்கும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அப்படிப் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. அவளுடைய பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஆவணப்படத்துக்குக் கிரெடிட் கிடையாது. ஆனால் பாடப் பதிவில் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கிறது: அந்தப் படிப்பைப் படித்தவர்கள் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாண்டு விலங்கியல் படித்தும் அது தெரியாமலேயே வெளியே வரும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். யானைக்கோ புலிக்கோ, அதன் நடமாட்டத்தைக் கண்காணிக்க உதவும் ரேடியோ காலர் என்ற கழுத்துப்பட்டையை மாட்டும் காட்சி காட்டுயிர்ப் படங்களில் அடிக்கடி வரும். நாம் விலங்கையே பார்த்துக்கொண்டிருப்போம். உங்கள் மகள் சுற்றி நிற்கும் மனிதர்களைப் பார்க்கட்டும். மயக்க ஊசி செலுத்துபவர் கால்நடை மருத்துவர். அவர் ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படித்தவர், விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போக முடியாது. பக்கத்தில் குனிந்து அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுபவர் காட்டுயிர் ஆய்வாளர். அந்த இடத்துக்கு உங்கள் மகள் போகலாம். சீருடையில் நின்று உத்தரவிடுபவர் வனத்துறை அதிகாரி. அங்கும் அவள் போகலாம். தடம் பார்த்து எல்லோரையும் அங்கே கூட்டிவந்தவர் பெரும்பாலும் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். அவருடைய அறிவுக்குப் பட்டம் எதுவும் இல்லை. அவர் இல்லாமல் அந்த வேலையும் இல்லை. ஒரே காட்சியில் நான்கு வாழ்க்கைகள், அவற்றில் இரண்டு அவளுக்குத் திறந்திருக்கின்றன. ஆலோசகராக நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது.

ஆகவே படத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யார் என்ன வேலை செய்தார், கையில் என்ன கருவி, எந்தத் துறை அல்லது நிறுவனத்தின் பெயர் வந்தது, தனக்குப் புரியாமல் போனது எது? இவை போதும். புரியாததை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடக் கூடாது. ஆய்வு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, மொழிபெயர்ப்பு, அறிவியல் ஆலோசனை என்று வேலைகளின் பட்டியலே அங்கே ஓடுகிறது. நன்றி சொல்லும் இடத்தில் நிறுவனங்களின் பெயர்கள் வரும். அவற்றையும் குறித்துக்கொள்ளட்டும்.

எழுதிய பக்கங்கள் சேர்ந்ததும் அவள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ஆய்வு என்றால், மயிலாடுதுறை அருகே மன்னன்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையம் இப்போது அந்த நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க கால வேலைகள் பெரும்பாலும் திட்ட அடிப்படையிலானவை. திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். இதைப் படங்கள் காட்டுவதில்லை.

அரசு வேலைதான் வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கும் இது எதிரானதல்ல. இந்திய வனப் பணித் தேர்வெழுத விலங்கியல் பட்டம் போதும். அதன் முதல்நிலைத் தேர்வு, குடிமைப் பணிகளுக்கான அதே தேர்வுதான். மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1ஏ நடத்துகிறது. குரூப் 4 ஒன்றுதான் கதவு என்று எண்ண வேண்டாம்.

படம் எடுப்பதிலேயே அவளுக்கு ஆசை பிறந்தால் அதற்கும் பதற வேண்டாம். முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றது. அதை இயக்கிய கார்த்திகி கொன்சால்வ்ஸ் ஊட்டியில் வளர்ந்தவர், கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர். ஒரு விருதை வைத்து எல்லோருக்கும் வழி திறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் துறையில் வருமானம் நிலைப்படப் பல ஆண்டுகள் ஆகும். முதலில் பட்டத்தை முடிக்கட்டும். பிறகு சென்னை தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனே திரைப்படக் கல்லூரி ஆகியவற்றில் சேர முயன்று பார்க்கலாம். விலங்கியல் தெரிந்த ஒளிப்பதிவாளருக்குக் காட்டுயிர்ப் படங்களில் தனி மதிப்பு உண்டு.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “இன்றைக்கு எவ்வளவு நேரம் வீணாக்கினாய்?” என்று கேட்காமல், “இன்றைக்கு எந்தப் படம், அதில் யார் என்ன செய்தார்?” என்று கேளுங்கள். அவளால் ஐந்து நிமிடம் சொல்ல முடிந்தால் அவள் படித்திருக்கிறாள். சொல்ல முடியவில்லை என்றால் வெறுமனே பார்த்திருக்கிறாள். அப்போது கண்டிப்பதில் தவறில்லை. பருவத் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் படங்களுக்கு முழு விடுமுறை. அதை அவளே ஏற்றுக்கொள்வாள்.

மாலையில் தாமதமாக வீடு திரும்புகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். பஸ் குறைவான ஊரில் அது உண்மையான பிரச்சினை. வகுப்பில்லாத பாடவேளைகளில் ஊடக அறையில் இடம் ஒதுக்கித் தர முடியுமா என்று அவள் நூலகரிடம் கேட்கட்டும். முன்பகல் வேளையில் அந்த அறைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், அவளும் நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.