காட்டில் வழி தேடுகிறவர்களுக்கு: ஓரியன்டியரிங் கேள்வி பதில்

(ஓரியன்டியரிங் என்பது வரைபடமும் காம்பஸும் வைத்துக் காட்டில் கொடிகளைத் தேடி ஓடும் போட்டி. கேட்பவர்கள் தென்னாப்பிரிக்க வாசகர்கள், அவரவர் ஊர்ப் பெயரில்.)

சாட்ஸ்வொர்த்: அக்கா, நான் வேகமாக ஓடுவேன். ஆனால் கன்ட்ரோல் கொடிக்கு, அதாவது தேடிப் பிடிக்க வேண்டிய கொடிக்கு, பக்கத்தில் போய்ச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கிளப்பில் கோச் வைத்துக்கொண்டால் சரியாகுமா?

ஆகும். ஆனால் முன்னால் ஓடிக் காட்டுகிற கோச் வேண்டாம். பின்னாலேயே வாய் திறக்காமல் வருகிறவரைக் கேளுங்கள். எங்கே தயங்கினீர்கள், எங்கே வரைபடத்தைப் பார்க்காமல் ஓடினீர்கள் என்று கவனித்து வைத்துக்கொள்வார். முடிந்ததும், போன வழியை உங்களையே பேனாவால் வரையச் சொல்வார். குட்டு அங்கேதான் வெளிப்படும்.

நீங்கள் கொடியையே நேராகக் குறிவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குச் சற்று முன்னால், தவறவே விட முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வேலி மூலை, ஓடை திரும்பும் இடம். அதுவரை ஓடலாம், அப்புறம் நடை. கொடியைத் தாண்டிவிட்டால் எந்தப் பாதை குறுக்கே வரும் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள். வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் மேல் எப்போதும் கட்டைவிரல் இருக்கட்டும்.

ஃபீனிக்ஸ்: லண்டன் மாமா கொடுத்த காம்பஸில் முள் ஒட்டிக்கொள்கிறது.

வட அரைக்கோளத்துக்கு எடை சமன் செய்த முள் இங்கே சாய்ந்து அடியில் உரசும். தென் அரைக்கோளத்துக்கானதை வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: தங்கச்சி, டிராக்கன்ஸ்பர்க் மலையில் பல வருடம் நடந்தவன் நான். காந்த வடக்கு, அதாவது காம்பஸ் முள் காட்டும் வடக்கு, இங்கே 25 பாகை போல மேற்கே விலகியிருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லித் தராதவர் என்ன கோச்?

அண்ணே, உங்கள் கணக்கு சரி, வரைபடம்தான் வேறு. நீங்கள் சொல்வது அரசாங்கத்தின் 1:50,000 வரைபடம், அது உண்மை வடக்கை, அதாவது வட துருவம் இருக்கும் திசையை, வைத்து வரைந்தது. ஓரியன்டியரிங் வரைபடத்தில் கோடுகளே காந்த வடக்கைப் பார்த்துத்தான் இருக்கும். அதிலும் 25 பாகையைத் திருத்தினால், 100 மீட்டர் போவதற்குள் 40 மீட்டருக்கு மேல் விலகிப்போவீர்கள்.

டோங்காட்: அண்ணன் சொல்வதுதான் சரி. திருத்தத் தெரியாதவன் மலையில் தொலைந்தான்!

மலையில் தொலைவான், நானும் மறுக்கவில்லை. கேள்வி கிளப் பயிற்சியைப் பற்றியது, தம்பி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அப்படியானால் என் வரைபடத்திலேயே பழகக் கூடாதா?

பழகலாம், ஆனால் கண் தேறாது. உங்களுடையதில் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 20 மீட்டருக்கு ஒன்று. கிளப் காட்டு வரைபடத்தில் பெரும்பாலும் 5 மீட்டருக்கு ஒன்று. கொடி நிற்கும் சின்ன மேடு உங்கள் வரைபடத்தில் இருக்கவே இருக்காது. காம்பஸைத் திருப்புவதை விட்டுவிட்டு மேடுபள்ளம் படிக்கப் பழகுங்கள், அண்ணே. இதோடு இந்தச் சண்டையை முடிப்போம்.

ஸ்டாங்கர்: போனில் ஜிபிஎஸ் பார்த்து ஓடலாமா?

போட்டியில் கூடாது.

இசிப்பிங்கோ: உண்ணி கடிக்குமோ என்று பிள்ளைகளைப் புல்காட்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

நீளக் காலுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடம் கறுத்திருந்தால் டாக்டரிடம் உண்ணிக்கடி என்று சொல்லிவிடுங்கள்.

வெருலம்: இணையத்தில் மலிவாக ஒரு காம்பஸ் பார்த்தேன் அக்கா...

எந்த அரைக்கோளத்துக்கு? ஃபீனிக்ஸ்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள்.