எனக்குப் பிடித்த தன்வரலாறுகள்: தன்னைவிட மற்றவர்களை அதிகம் பார்த்தவர்கள் எழுதியவை

கேள்வி: கதை, கவிதை தவிர்த்து நீங்கள் படித்தவற்றில், குறிப்பாகத் தன்வரலாறுகளில், உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகங்கள் எவை? ஏன்?

யோசிக்காமலே முதலில் வருகிற பெயர் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பள்ளிக்கூடத்தில் 'தமிழ்த் தாத்தா' என்று ஒரு பாடம் படித்து, ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு நம்மில் பலருக்கும் அவர் முடிந்துபோகிறார். இது பெரிய நஷ்டம். அந்தப் பாடத்தில் இருப்பவர் சிலை மாதிரி நிற்கிறார். புத்தகத்தில் இருப்பவரோ பசிக்கிறார், தூங்கி விழுகிறார், ஆசிரியர் தன்னைப் பார்த்துச் சிரித்தாரா என்று ஏங்குகிறார்.

இதைச் சொல்லும்போதே என் அளவுகோல் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தான் எப்படி ஜெயித்தேன் என்று சொல்வதற்காக எழுதப்பட்ட தன்வரலாறுகள் எனக்கு ஒத்துவருவதில்லை. எழுதுகிறவர் தன்னைப் பார்ப்பதைவிடச் சுற்றியிருப்பவர்களை அதிகம் பார்த்திருக்க வேண்டும். தனக்குச் சோறு போட்டவர், பாடம் சொன்னவர், கேள்வி கேட்டவர், அவமானப்படுத்தியவர் எல்லாரும் பக்கங்களில் உயிரோடு நடமாட வேண்டும். அப்படிப் பார்த்தால் 'என் சரித்திரம்' என்ற தலைப்பு இருந்தாலும், அதில் பாதிக்கு மேல் மற்றவர்களின் சரித்திரம்தான்.

முதலில் அவருடைய அப்பா. வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், கனம் கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டவர். பையனுக்குத் தமிழ் மேல்தான் ஆசை என்று தெரிந்ததும், அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று எந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். அந்தந்த ஊர்க்காரர்கள் தருகிற தானியத்தில்தான் ஜீவனம். இன்றைக்குப் பிள்ளையின் கோச்சிங்குக்காக ஊர் மாறுகிற பெற்றோரை நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வருமானத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லாத தமிழுக்காக ஒரு மனிதர் இதைச் செய்தார் என்பதைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த அப்பா மேல்தான் பிரியம் கூடியது.

அப்புறம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாயூரத்தில் அவரிடம் சேர்ந்ததிலிருந்து 1876இல் அவர் காலமாகும் வரை வரும் அத்தியாயங்களுக்கு ஈடாகத் தமிழில் குரு-சீடர் உறவைப் பற்றி நான் எதையும் படித்ததில்லை. பிள்ளை யோசித்து நிறுத்தாமல் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் உட்கார்ந்து சாமிநாதையர் ஏட்டில் எழுதுவார். திருப்பெருந்துறைப் புராணம் அப்படி எழுதப்பட்டதுதான். அதே பிள்ளை, பையன் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொள்கிறான் என்று தெரிந்ததும், சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் ஓடாது என்கிறார். பையன் சங்கீதத்தை விட்டுவிடுகிறான். அப்பாவின் வித்தை அது! அந்த இடத்தில் சாமிநாதையர் யாரையும் குறை சொல்வதில்லை. பிள்ளையின் பணக் கஷ்டத்தையும் பெருந்தன்மையையும் சிறு பிடிவாதங்களையும் ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசி நேரத்தில் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபடியே பிள்ளை போகிற இடத்தில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனாலேயே தொண்டை அடைக்கிறது.

எல்லாரும் மேற்கோள் காட்டுகிற இடம் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திப்பது. 1880 அக்டோபர். சாமிநாதையருக்கு 25 வயது, கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர் வேலை கிடைத்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, வந்தவர். மரியாதைக்குப் பார்க்கப் போனவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்ற கேள்வி வருகிறது. படித்ததில்லை. அவருடைய ஆசிரியரே படித்ததில்லை. அந்தக் காலத்துப் பெரிய வித்துவானின் முதன்மையான சீடருக்கே அந்த நூல்கள் எட்டாமல் இருந்தன என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு முழிக்கிற நாட்கள் எனக்கு அதைவிடப் பிடிக்கும். சிந்தாமணி சமண காவியம். இவருக்குச் சமண சமயச் சொற்களே பிடிபடவில்லை. விளக்கம் கேட்கலாம் என்று அதே கும்பகோணத்தில் ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாக்கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், வீட்டில் சிந்தாமணி படித்து இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். ஊரில் எந்தப் புலவருக்கும் புரியாத நூலை நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் பூஜை மாதிரி உட்கார்ந்து படித்து முடித்திருக்கிறது! 1887இல் அச்சான சிந்தாமணிக்குப் பின்னால் அந்த வீட்டுத் திண்ணையும் இருக்கிறது. இதை மறைக்காமல், யார் யாரிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று நன்றியோடு எழுதி வைத்திருக்கிறாரே, அதுதான் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்குக் காரணம்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிப் போனபோது, ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் கிடைக்கிற இடத்தையும் மறக்க முடியாது. அழித்தவர்கள் பக்தியோடு, முறை தவறாமல் அழித்திருக்கிறார்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய தொடர் இது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் பாதியிலேயே நின்றுபோனது. புத்தகமாக 1950இல் வந்தது.

இதற்கு அடுத்து நான் எல்லாரிடமும் சொல்வது நாடக நடிகர் அவ்வை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. 1972இல் வந்தது, அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். இதைப் படித்தவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். 1918இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வில் அண்ணன் தம்பிகள் சேரும்போது சண்முகத்துக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கம்பெனி வீட்டில் இருந்துகொண்டு ராத்திரி முழுக்க மேடையில் நிற்கிற பிள்ளைகளின் கதை. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளின் உள்வாழ்க்கையை அதற்குள்ளேயே வளர்ந்த ஒருவர் இவ்வளவு விவரமாக எழுதியது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பையனுக்குத் திடீரென்று மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதோடு அவன் பாட்டும் போகும், வேஷமும் போகும். அந்தப் பயம் எல்லாப் பிள்ளைகளின் தலைக்கு மேலும் இருந்தது.

சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' எழுதிய இரவு இந்தப் புத்தகத்தின் உச்சம். ஒரு அபிமன்யு அம்மானைப் பிரதியை வாங்கிவந்து படித்துவிட்டு, ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்துவிட்டார் என்று சண்முகம் வியந்து சொல்கிறார். அபிமன்யுவாக நடித்தது சின்னப் பையன் சண்முகம். அப்படி வார்த்தைகளைக் கொட்டியவர் பிறகு பக்கவாதத்தில் பேச்சை இழந்து 1922இல் புதுச்சேரியில் காலமாகிறார். பிற்காலத்தில் கம்பெனிக்கு வந்து சேர்கிற என்.எஸ். கிருஷ்ணன் உட்பட எத்தனையோ பேர் இதில் வருகிறார்கள். தன் நடிப்பைப் பற்றி எழுதும்போது அடக்கி வாசிக்கிறவர், வாத்தியாரைப் பற்றியும் கூட நடித்தவர்களைப் பற்றியும் எழுதும்போது மனம் திறந்துவிடுகிறார். ஒரு எச்சரிக்கை: ஊர், நாடகம், வசூல் என்று சில அத்தியாயங்கள் நாட்குறிப்பு போல ஓடும். அங்கே வேகமாகப் புரட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

ஏ.கே. செட்டியாரின் 'அண்ணலின் அடிச்சுவட்டில்' வேறு வகை. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. இருபத்தைந்து வயது தாண்டியிருந்த கோட்டையூர் இளைஞர். அதற்குப் பிறகு யார் யாரிடம் காந்தி இருக்கும் படச்சுருள் இருக்கிறதோ அவர்களைத் தேடி உலகத்தைச் சுற்றுகிறார். படம் 1940இல் வெளியாகிறது. இத்தனையும் செய்த மனிதர் புத்தகத்தில் தன்னைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். உதவியவர்களையும் மறுத்தவர்களையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இவ்வளவு எளிமையான உரைநடையைப் பார்த்தால் எழுத வருகிற எவருக்கும் பொறாமை வரும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது தமிழில் தன்வரலாறு யாரெல்லாம் எழுதலாம், எந்தத் தமிழில் எழுதலாம் என்ற கேள்விக்கே வேறு பதில் கிடைத்தது. தெருவில் பேசுகிற பேச்சிலேயே முழுப் புத்தகமும் நடக்கிறது. அதில் வரும் வடைப் பொட்டலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிற சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். நாயக்கருக்குப் போகிற வடை, இவர்கள் தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல சொல்ல முயல்வதை அந்த ஒரு கயிறு சொல்லிவிடுகிறது. அதே புத்தகத்தில் பாட்டிமார்கள், விளையாட்டுகள், காட்டு வேலை, கோயில் திருவிழா எல்லாம் எவ்வளவு துள்ளலோடு வருகின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'துயரக் கதை' என்று மட்டும் சொல்லி யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

இந்த வரிசையில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வையும் வைப்பேன். மொழியியல் படித்த ஒரு திருநங்கை புனே ரயில்களில் கைநீட்டிக் காசு கேட்க வேண்டிவந்ததை, தன்னை ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கைகளைப் பற்றிய அன்போடும் கோபத்தோடும் எழுதியிருக்கிறார்.

தன்வரலாறு அல்லாத புத்தகங்களில் ஒன்றைத்தான் சொல்வேன்: தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. உப்பு, உணவு, உறவுப் பெயர் என்று கண்ணுக்கு முன்னால் கிடப்பவற்றை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிக் காட்டுவார். பல்லாங்குழி பற்றிய கட்டுரை எனக்கு மனப்பாடம் மாதிரி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, இரண்டு பேருக்கும் சமமாகக் காய். ஆட ஆட ஒருவரிடம் சேர்கிறது, இன்னொருவரின் குழிகள் வெறுமையாகின்றன. சமமாக இருந்த சமூகத்தில் தனிச்சொத்து நுழைந்த கதையை அந்த ஆட்டத்தில் பார்க்கிறார் அவர். அவர் முடிவை ஏற்காதவர்கள்கூட இனிமேல் பழைய மாதிரி சோழி எடுத்து ஆட முடியாது.

வெளியிலிருந்து ஒன்று: இத்தாலிய வேதியியலாளர் ப்ரீமோ லெவி எழுதி 1947இல் வந்த 'இஃப் திஸ் இஸ் எ மேன்'. 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். ஒரு அத்தியாயத்தில் சூப் பாத்திரம் எடுக்க ஒரு பிரெஞ்சு இளைஞனோடு நடந்து போகும்போது, அவனுக்கு இத்தாலி மொழி சொல்லிக்கொடுக்க இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வரிகளை ஞாபகப்படுத்திச் சொல்லிப் பார்க்கிறார். நடுவில் சில வரிகள் மறந்துபோகின்றன. விட்டுப்போன அந்த வரிகளுக்காக அன்றைய சூப்பையே கொடுத்துவிடத் தயாராக இருக்கிறார், அந்தப் பசியில்! தினமும் ரகசியமாக ரொட்டி கொண்டுவந்து தந்த லொரென்ஸோ என்ற கொத்தனாரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னிடம் பேசுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நேரம் குறைவாக இருப்பவர்கள் 'கருக்கு'. மெல்லிய புத்தகம், ஆனால் ஒரே மூச்சில் முடிக்க அவசரப்பட வேண்டாம். நாடகம், சினிமா மேல் ஆசை உள்ளவர்களுக்கு அவ்வை சண்முகம். 'என் சரித்திரம்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சுருக்கப் பதிப்பும் உண்டு, ஆனால் முழுப் புத்தகத்தையே படியுங்கள். சுருக்கும்போது முதலில் போவது அந்த ஊர்க்காரர்களும் சாப்பாடு போட்டவர்களும்தான். ஆரம்பத்தில் ஊர், முன்னோர் பற்றி வரும் அத்தியாயங்கள் மெதுவாகப் போவதாகத் தோன்றினால், பிள்ளையிடம் போய்ச் சேருகிற இடத்திலிருந்து தொடங்கிவிட்டுப் பிறகு முன்பக்கத்துக்கு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த தன்வரலாறு எது என்று கீழே எழுதுங்கள், முக்கியமாகத் தையல்காரர், நர்ஸ், லாரி டிரைவர் மாதிரி யாராவது தங்கள் தொழிலைப் பற்றித் தமிழில் எழுதியது இருந்தால். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.