குதிரை லத்தியில் புழு எதுவும் தெரியவில்லை. அப்படியானால் வயிற்றில் புழு இல்லையென்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அப்படி நம்பித்தான் ஒரு வருஷம் எங்கள் குதிரையை வாடவிட்டோம்.

அப்பா ஈப்போ பந்தயத் திடலில் குதிரை பராமரித்தவர். வேலையை விட்டு சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது, ஓட்டம் முடிந்த ஒரு பெண்குதிரையையும் கூட்டிவந்தார். செம்பனை ஓரத்துப் புல்தான் மேய்ச்சல். தீனிக்குக் குறைவில்லை, ஆனாலும் விலா எலும்பு தெரிந்தது. தினமும் லத்தி அள்ளியவள் நான். ஒரு புழுவைக்கூடப் பார்த்ததில்லை.

வளர்ந்த குதிரைகளில் அதிகம் காணப்படுவது சிறு ஸ்ட்ராங்கைல் புழு. அது பெருங்குடலிலேயே தங்கிவிடும். லத்தியோடு வருவது முட்டைதான். அதை மைக்ராஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாது. முட்டையை எண்ணும் மக்மாஸ்டர் முறையில் 4 கிராம் லத்தியை 56 மில்லி கெட்டி உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, கோடு போட்ட கண்ணாடி அறைகளில் விடுவார்கள். முட்டை மேலே மிதந்து வரும். இரண்டு அறைகளிலும் எண்ணிய தொகையை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். 200க்குள் இருந்தால் குறைவு, 500ஐத் தாண்டினால் அதிகம்.

எங்கள் குதிரைக்கு 19 முட்டை, அதாவது 950. அப்பாவால் நம்பவே முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து வந்தவர் அவர். இன்னொரு தடவை அதையே கொடுத்து, 14 நாள் கழித்து எண்ணச் சொன்னார் டாக்டர். 850! மருந்துக்குப் புழு பழகிப்போயிருந்தது. பல நாடுகளில் சிறு ஸ்ட்ராங்கைலுக்கு இந்த மருந்து இப்போது சரியாக வேலை செய்வதில்லை. ஐவர்மெக்டின் என்ற வேறு மருந்துக்கு மாற்றிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மறுபடி எண்ணியும் பாருங்கள்.

லத்தி விழுந்த சூட்டோடு எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்; உறையவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒரு நாளிலேயே முட்டை பொரிய ஆரம்பித்துவிடும், பிறகு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும்.

பூஜ்யம் வந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம். குடல் சுவருக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் கிடக்கும் குட்டிப் புழுக்கள் முட்டையிடாது. நாடாப்புழுவும் இந்தச் சோதனையில் பல நேரம் தப்பிவிடும். அதற்கு ரத்தத்திலோ எச்சிலிலோ, அந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குதிரை வாலடியைத் தூணில் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஆசனவாய் ஓரத்தில் செலோடேப் ஒட்டி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிப்புழு அங்கேதான் முட்டையை ஒட்டி வைக்கும்.